தயாளன் கட்டிய நுரைக்கூடு

கொளத்தூரில் வண்ணமீன் விற்கும் கடைகளுக்குப் பின்னால் இருக்கிற பச்சையம்மன் தெருவில், ஒரு மாசி மாதக் காலையில், கூரியர் கம்பெனியில் பார்சல் பிரித்துப்போடும் வேலை பார்த்த தயாளன், தன் வீட்டுக் கூடத்து மீன் தொட்டிக்குள் சாய்ந்து கிடந்த கல்லை நிமிர்த்துவதற்காகத் தோள்பட்டை வரை கையை விட்டான், விட்ட கையைத் திரும்ப எடுக்கவில்லை. அடுப்படியில் தோசை வார்த்துக்கொண்டிருந்த அவன் மனைவி மேகலா, ஆறிப்போவுதுங்க, ஆறிப்போவுதுங்க என்று கூப்பிட்டுப் பார்த்துவிட்டுக் கரண்டியும் கையுமாக வந்தபோது, தொட்டிக்குக் கீழே அவன் லுங்கி ஈரமாகக் கிடந்தது, பனியன் கிடந்தது, இடுப்பில் கட்டியிருந்த கறுப்பு அரைஞாண்கயிறு முடிச்சு அவிழாமல் கிடந்தது. தொட்டிக்குள், முந்தின நாள்வரை இல்லாத ஒரு ஹனி கௌராமி, சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத தேன்நிற மீன், அந்தக் கல்லைச் சுற்றிச் சுற்றி வந்து, நெஞ்சுக்கடியிலிருந்து தொங்குகிற இரண்டு மீசை நூல்களாலும் அது நேராக நிற்கிறதா என்று தடவிப் பார்த்துக்கொண்டிருந்தது.

மேகலா குனிந்து பார்த்தாள். இடது கண்ணுக்குக் கீழே, தயாளனுக்கு இருந்த அதே இடத்தில், மச்சம் இருந்தது. "சாப்பிட வாங்க" என்றாள். சாப்பிடக் கூப்பிட்டால் காதில் விழாத மாதிரி முதுகைக் காட்டித் திரும்பிக்கொள்கிற வழக்கம் தயாளனுக்கு உண்டு, அந்த மீனும் அப்படியே திரும்பிக்கொண்டது. அவள் போய் அடுப்பை அணைத்துவிட்டு, அவனுக்கு வார்த்த தோசையைத் தானே சாப்பிட்டுவிட்டு, மாடியில் குடியிருந்த வீட்டுக்காரி ஜெசிந்தாவிடம் போய், "அக்கா, எங்க வீட்டுக்காரர் மீனாயிட்டாரு" என்றாள். ஜெசிந்தா கீழே வந்து பார்த்துவிட்டு, "அவன்தான். மூஞ்சிய பாரு" என்று சொல்லிவிட்டு, அன்று தண்ணி லாரி வருகிற நாள் என்பதால் குடத்தை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

மேகலாவுக்கு அழுகை வரவில்லை, பயமும் வரவில்லை. வந்தது ஆத்திரம். தப்பித்துக்கொண்டானோ என்கிற ஆத்திரம். அவனிடம் அவளுக்கு ஒரு பாக்கி இருந்தது.

அதற்கு முந்தின கார்த்திகையில், விடாமல் அடித்த மழையில் ஏரி உடைந்து தெருவுக்குள் தண்ணீர் வந்தபோது மேகலாவுக்கு ஏழாம் மாதம், வளைகாப்பு வளையல்கள் இரண்டு கையிலும் முழங்கைவரை இருந்தன. தண்ணீர் கூடத்துக்குள் ஏறியதும் தயாளன் செய்த முதல் காரியம், மாடியிலிருந்து ஜெசிந்தாவின் புருஷன் ஆரோக்கியசாமியைக் கூப்பிட்டு, வீடெல்லாம் தண்ணீர் பெருகிக்கொண்டிருக்க மீன் தொட்டியிலிருந்து பாதித் தண்ணீரை மக்கால் இறைத்து ஊற்றிவிட்டு, அந்த மூன்றடித் தொட்டியை மீன்களோடு தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறியதுதான். அந்தப் படியோ ஒரு ஆள் ஏறினால் எதிரில் இன்னொரு ஆள் இறங்க முடியாத படி, அதன் திருப்பத்தில் தொட்டி மாட்டிக்கொண்டது. மேலே இழுத்தால் கண்ணாடி உடையும் என்றான் தயாளன், கீழே இறக்கினால் மீன் செத்துப்போகும் என்றான். இப்படிச் சாய்க்கலாமா அப்படித் திருப்பலாமா என்று அவர்கள் யோசித்துக்கொண்டிருந்த நேரமெல்லாம், வழி அடைபட்டு, மேகலா படிக்குக் கீழே ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, முழங்காலில் இருந்த தண்ணீர் தொடைக்கு வர, தொடையில் இருந்தது வயிற்றைத் தொட நின்றாள். தொட்டி ஒருவழியாக மேலே போனது. போனவன் இறங்கி வரவில்லை, மீனுக்கு மூச்சு முட்டுமே என்று பேட்டரியில் ஏர் மோட்டாரை மாட்டிக்கொண்டிருந்தான். அவள் தானாக ஏறப் பார்த்து, பாசி பிடித்த முதல் படியிலேயே வழுக்கி விழுந்தாள்.

படகில் ஏற்றிப்போன ஆஸ்பத்திரியில் வளையல்களை உடைத்து எடுத்தார்கள், பிறகு குழந்தையை எடுத்தார்கள், பிறகு கர்ப்பப்பையையும் எடுத்தார்கள். நர்ஸ் ஒரு பச்சைத் துணியில் சுற்றி அவளிடம் ஒரே ஒருமுறை காட்டினாள். பெண். மூச்சில்லை. மறுநாள் பார்க்க வந்த தயாளன் அழுதான், கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ரெண்டு நியான் மீன் போயிடுச்சு மேகலா, அதிர்ச்சி தாங்கல" என்றான். என்ன குழந்தை என்று அவன் கேட்கவில்லை. அன்றைக்குக் கேட்கவில்லை, வீட்டுக்கு வந்த பிறகு கேட்கவில்லை, பொங்கலுக்குக் கேட்கவில்லை. அவன் அம்மா எத்திராஜம்மாள், பக்கத்துத் தெருவில் மகள் வீட்டோடு இருப்பவள், வந்து உட்கார்ந்து, "வயித்துல தங்காத ராசி" என்று மருமகளைத்தான் சொன்னாள். மேகலா மனசுக்குள் ஒன்றே ஒன்றை வைத்துக்கொண்டாள். அவனாகக் கேட்கட்டும், கேட்கிற அன்றைக்குச் சொல்கிறேன், சொல்லிவிட்டு அந்த மூஞ்சியைப் பார்க்கிறேன். அதற்காகத்தான் அவனுக்கு மூன்று வேளையும் சோறு போட்டுக்கொண்டிருந்தாள். இப்போது அவன் கேட்க முடியாதவனாகத் தொட்டிக்குள் போய் உட்கார்ந்துகொண்டால் எப்படியிருக்கும்?

தெருவுக்கு வேறு கவலைகள் இருந்தன. முதல் கவலை மேகலா பூ வைக்கலாமா கூடாதா என்பது. உயிரோடுதானே இருக்கிறான், வைக்கலாம் என்று பச்சையம்மன் கோயில் பூக்காரி தீர்ப்புச் சொல்ல, அது அப்படியே நின்றது. கூரியர் கம்பெனி சூப்பர்வைசர் ஷூவைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, தொட்டியோடு ஒரு செல்ஃபி எடுத்து ஆபீஸ் குரூப்பில் போட்டு, இது மெடிக்கல் லீவில் வருமா என்று மேலே கேட்டுச் சொல்வதாகச் சொல்லிப்போனார், கேட்டாரா என்று தெரியவில்லை. எத்திராஜம்மாள் வந்து தொட்டி முன்னால் மாரில் அடித்துக்கொண்டு அழுது, அழுது முடித்ததும் எம்புள்ளைக்குப் பசிக்குமே என்று ஒரு கிண்ணம் தயிர்சாதத்தைப் பிசைந்து உள்ளே கொட்டினாள். அமாவாசைக்கு வடை போட்டாள். தொட்டித் தண்ணீர் பால் மாதிரி வெளுத்து நாற்றம் எடுக்க, மேகலாதான் மூக்கைப் பொத்திக்கொண்டு அத்தனையையும் மாற்றி, அவனைக் காப்பாற்ற வேண்டியிருந்தது. காப்பாற்றினாள். தயிர்சாதத்தில் அவன் போய்ச் சேருவதை அவளால் பொறுத்துக்கொள்ள முடியாது.

தொட்டித் தண்ணீரில் கை வைத்தால் வைத்தவரும் மீனாகிவிடுவார் என்று தெருவில் எல்லோரும் நம்பினார்கள். மேகலா மட்டும்தான் கை வைத்தாள், அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவள் வேற மாதிரி பொம்பளை என்று அதற்கும் ஒரு காரணம் சொன்னார்கள். பெண்கள் தங்கள் புருஷன்மாரைக் கையைப் பிடித்து இழுத்துவந்து தொட்டியைக் காட்டிக்கொண்டுபோனார்கள், அதற்குப் பலனும் இருந்தது. ஆரோக்கியசாமி தானாகவே தட்டுக் கழுவினான், மூன்றாம் வீட்டு டெய்லர் குடித்துவிட்டு வந்தால் வாசலிலேயே படுத்துக்கொண்டான். கொஞ்ச காலம்தான், சித்திரை வெயிலில் அதெல்லாம் மறந்துபோயிற்று. தயாளனும் மற்ற மீன்களோடு மீனாக, கப்பிகளுக்கும் மோலிகளுக்கும் மிச்சமிருந்த நியான்களுக்கும் நடுவே, தெருவில் ஒரு குடித்தனக்காரனாக இருந்துகொண்டான். போகிற வருகிறவர்கள் ஜன்னல் வழியாக, "இன்னா தயாளா, சௌக்கியமா?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள்.

மேகலா அவனைச் சோதித்துப் பார்த்தாள். முன்பெல்லாம் வாங்க, போங்க என்றவள் இப்போது நீ என்றாள். "ஏய், உங்கம்மா வருது" என்றால் கண்ணாடிக்கு வந்தான். "சம்பளம் போட்டுட்டாங்களாம்" என்றால் மீசை நூல்கள் இரண்டும் முன்னால் நீண்டன. "அந்த மழையில என்ன நடந்துச்சு தெரியுமா?" என்று தொடங்கினால் போதும், விறுவிறுவென்று போய்க் கல்லுக்குப் பின்னால் நின்றுகொண்டான். உள்ளே இருக்கிற புத்தி மனுஷப் புத்திதான். அது தெரிந்ததும் அவளுக்கு நிம்மதியாக இருந்தது.

முதலில் சின்னச் சின்னதாகச் செய்து பார்த்தாள். மீன்கடை அன்வர் பாயிடம் போய் டைகர் பார்ப் மீன்கள் கேட்டாள். "வேணாம்மா, அது கௌராமியோட சேராது, மீசையைக் கடிச்சித் தின்னுடும்" என்றார் அவர். அதைத்தான் அவள் கேட்டு வாங்கிவந்து தொட்டியில் விட்டாள். அவை அவனை மூலைக்கு மூலை விரட்டி ஒரு பக்கத்து நூலைக் கடித்துக் குட்டையாக்கின. ஒரு வாரம் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தவளுக்கு, இது இல்லை, இது நான் நினைத்தது இல்லை என்று சலித்துப்போய், பார்ப்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். அவனுடைய மீசை யாருக்கு வேண்டும்? அவளுக்கு வலித்த இடத்தில் அவனுக்கு ஒரு இடமே இல்லையே, அங்கே எப்படி வலிக்கவைப்பது என்பதுதான் அவளுக்குத் தெரியாமலிருந்தது.

அதைத் தெரியவைத்தவள் எத்திராஜம்மாள்தான். வைகாசியில் ஒரு நாள் தெருப் பெண்கள் நாலைந்து பேரைச் சேர்த்துக்கொண்டு வந்து உட்கார்ந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, "எத்தினி நாளைக்கு ஒண்டிக்கட்டையா இருப்பான் எம்புள்ள? அவன் ஜாதியிலயே ஒண்ணைப் பாத்து வெச்சிடலாம்னு இருக்கேன்" என்றாள்.

"மொத சம்சாரம் இருக்கறப்ப ரெண்டாவது கட்டினா கேஸ் ஆவும் தெரியுமில்ல?" என்றாள் ஜெசிந்தா.

"இவ சம்சாரம் மனுஷனுக்கு. நான் கேக்கறது மீனுக்கு. இவளால இனிமே ஒண்ணும் ஆவாதுன்னு டாக்டரே சொல்ட்டாங்க. எங்க வம்சம் என்னாவறது?"

எல்லோரும் மேகலாவைப் பார்த்தார்கள். மேகலா யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து நேராக அன்வர் பாய் கடைக்குப் போனாள். கௌராமி எப்படிக் குஞ்சு பொரிக்கும் என்று கேட்டாள். வேறு யாருக்கோ ஒரு ஆணையும் பெண்ணையும் ஒரே கவரில் கட்டிக்கொண்டே அவர் சொன்னார்: "இதுல எல்லாம் ஆம்பளைதாம்மா. அவன்தான் வாயால காத்தை வாங்கி வாங்கி மேல நுரையில கூடு கட்டுவான். பொம்பளை முட்டை வெச்சிட்டுப் போயிடும், அதை எடுத்துடணும், இல்லாட்டி அடிச்சே கொன்னுடுவான். முட்டை வெடிச்சி குஞ்சு தொங்கும். கீழ விழுந்தா வாயில கவ்வி எடுத்து மறுபடி ஒட்டவைப்பான். அதுவரைக்கும் பச்சைத் தண்ணி படாது வயித்துல, ஒண்ணும் தின்ன மாட்டான். ஒண்ணே ஒண்ணுதான் கவனிக்கணும். குஞ்சுங்க தானா நீந்த ஆரம்பிச்ச உடனே அப்பனை வெளிய எடுத்துடணும். எடுக்காம வுட்டா, பட்டினி கெடந்தவன் பாருங்க, அவனே அத்தினியும் தின்னுடுவான்."

"தெரிஞ்சே தின்னுமா பாய்?"

"மீனுக்கு என்னாம்மா தெரியும்?"

மீனுக்குத் தெரியாது, தயாளனுக்குத் தெரியும். மேகலா வீட்டுக்கு வந்து, காத்திருந்த மாமியாரிடம், "கட்டி வைங்க அத்தை" என்றாள். எத்திராஜம்மாளுக்கு நம்பவே முடியவில்லை, மருமகளின் தாடையைப் பிடித்துக் கொஞ்சி, "நீ மகராசியா இருப்ப" என்றாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்ததில்லை.

குடும்பப் பாங்காக ஒன்று கொடு என்று கேட்டு எத்திராஜம்மாள் வாங்கிவந்த பெண் கௌராமி, சாம்பல் நிறத்தில் வயிற்றோரம் ஒரே ஒரு பழுப்புக் கோடு ஓடுகிற, இருக்கிற இடம் தெரியாத மீன். அன்வர் பாய் சொன்னபடி கப்பி, மோலி, நியான் எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் டப்பில் ஜெசிந்தா வீட்டுக்குக் குடியேற்றினார்கள், நீரோட்டம் கூடாது என்று ஃபில்டரை நிறுத்தினார்கள், மேலே மிதக்கும் பாசியைப் போட்டுக் கண்ணாடியால் மூடினார்கள். தயாளன் நிறம் மாறினான். உடம்பெல்லாம் ஆரஞ்சாகி, தொண்டையிலிருந்து வயிறுவரை கருநீலம் இறங்கியது. பிறகு கூடு கட்டத் தொடங்கினான்.

ஒரு வாய்க் காற்று வாங்குவான், பாசிக்கு அடியில் போய் ஒரு குமிழாக ஊதி ஒட்டுவான், மறுபடி மேலே வருவான், மறுபடி ஒரு வாய், மறுபடி ஒரு குமிழ். காலையில் மேகலா கோலம் போட்டுவிட்டு வரும்போதும் அதையே செய்துகொண்டிருந்தான், மத்தியானம் அவள் சாப்பிட உட்காரும்போதும் அதையே செய்துகொண்டிருந்தான், ஒரு பக்கம் உடைந்தால் அந்தப் பக்கம் போய் ஒட்டினான், பாசித் துணுக்கைக் கவ்விவந்து நுரைக்கு முட்டுக் கொடுத்தான், எட்டிப்போய் நின்று பார்த்துவிட்டு வந்து மறுபடி ஊதினான். தெருவே வந்து பார்த்து வாயைப் பிளந்தது. பொறுப்பைப் பாரேன், பொறுப்பைப் பாரேன் என்றார்கள். மேகலாவுக்கு வயிறு எரிந்தது. குழந்தை ஏழு மாதம் அவள் வயிற்றில் இருந்தபோது ஒரு நாள், ஒரே ஒரு நாள், கையை வைத்துப் பார்த்திருப்பானா இந்த ஆள்? தொட்டில் கட்ட உத்தரத்தில் ஒரு கொக்கி மாட்டச் சொல்லி அவள் புரட்டாசியிலிருந்து கேட்டாள். நாளைக்கு, நாளைக்கு என்றவன், சுண்டுவிரல் நீளத்துக்குக் குறுகிய பிறகு எச்சிலால் வீடு கட்டுகிறான். அவள் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். துக்கத்தில் அழவில்லை, கோபத்தில் அழுதாள்.

பெண் கௌராமியின் வயிறு உப்பியதும் எத்திராஜம்மாள் அதற்கு வளைகாப்பு வைத்தாள். தொட்டியின் மூலைக் கம்பிகளில் பச்சையும் சிவப்புமாகக் கண்ணாடி வளையல்களை மாட்டி, சந்தனம் பூசி, ஐந்து வகைச் சாதம் செய்து, வந்தவர்களுக்கெல்லாம் வளையல் கொடுத்தாள். "நீயும் போட்டுக்கடி" என்று மேகலாவின் கையை இழுத்து நாலு வளையலை ஏற்றிவிட்டாள். எலும்புவரை ஊசி ஏறுவதுபோல் இருந்தது மேகலாவுக்கு. ஆனாலும் கழற்றவில்லை. எல்லோருக்கும் சாதம் பரிமாறினாள், தாம்பூலம் கொடுத்தாள், சிரித்த முகமாகவே இருந்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்து ஜெசிந்தாவுக்கு மட்டும் என்னவோ போலிருந்தது.

"மேகலா, உன் மனசுல ஏதோ இருக்குது. எங்கிட்ட சொல்லு."

"குஞ்சு பொறக்கட்டும்கா. சொல்றேன்."

முட்டைகள் நுரைக்குள் கசகசாபோல ஒட்டின. தயாளன் பெண்டாட்டியை விரட்டத் தொடங்கியதும் மேகலா கையை விட்டு அதை அள்ளி ஒரு குடத்தில் விட்டாள், எத்திராஜம்மாள் புது மருமகளைத் தன் வீட்டுக்கு எடுத்துப்போனாள். முட்டைகள் வெடித்துக் குஞ்சுகள் வாலைத் தொங்கவிட்டுக்கொண்டு நுரையில் தொங்கின. கண்ணிமை மயிரில் பாதி இருக்கும் ஒவ்வொன்றும். ஒன்று கழன்று கீழே விழும், அது தரையைத் தொடுவதற்குள் தயாளன் பாய்ந்து வாயில் வாங்கி மேலே கொண்டுபோய் ஒட்டுவான், அதற்குள் இன்னொன்று விழும். தூங்கவில்லை, தின்னவில்லை, வயிறு உள்வாங்கி முதுகுமுள் தெரிந்தது. தன் குழந்தை கீழே விழாமல் பார்த்துக்கொள்ள ஒருவன் என்னவெல்லாம் செய்ய முடியுமோ அத்தனையும் செய்தான். மேகலா ஒன்று விடாமல் பார்த்தாள். அவனுக்கு இப்போது ஒரு இடம் உண்டாகிவிட்டது, தொட்டால் உயிர்போகும்படி வலிக்கிற இடம். இனி அவள் ஒன்றும் செய்யவே வேண்டாம், செய்ய வேண்டியதைச் செய்யாமல் இருந்தால் போதும்.

வெள்ளிக்கிழமை காலையில் பேர் வைத்துத் தொட்டில் போடுவதென்று எத்திராஜம்மாள் முடிவு செய்திருந்தாள். இத்தனை குஞ்சுக்கும் தனித்தனியாக எப்படிப் பேர் வைப்பது என்று தெருவில் பெரிய விவாதமே நடந்து, குலசாமி பேரையே எல்லாவற்றுக்கும் பொதுவாக வைத்துவிடலாம் என்று ஒத்துக்கொண்டார்கள். கூடம் நிறைய ஆட்கள். தட்டுத் தட்டாகச் சர்க்கரை, வாழைப்பழம், ஒரு சின்னப் பித்தளைத் தொட்டில்கூட. ஆளுக்கொரு வலையும் டம்ளருமாக அன்வர் பாயும் அவர் சம்சாரமும் வந்திருந்தார்கள். குனிந்து பார்த்த அன்வர் பாய், "நீந்துது, நீந்துது, படுக்கையா நீந்துது பாருங்க" என்று கூவினார். நுரையிலிருந்து பிரிந்து, தூசு பறப்பதுபோலக் குஞ்சுகள் தொட்டியெங்கும் பரவிக்கொண்டிருந்தன. "நேரம் வந்திடுச்சு. எடுத்துடும்மா அவனை" என்று வலையை மேகலாவிடம் நீட்டினார்.

மேகலா வலையை வாங்கிக்கொண்டாள். தொட்டி முன்னால் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். வலையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"எடும்மா."

"எடுக்கல பாய்."

"இன்னாடி சொல்ற?" என்றாள் எத்திராஜம்மாள்.

"நாலு நாளா சாப்பிடல அவரு. பசிக்குமில்ல? சாப்பிடட்டும் அத்தை."

எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். ஜெசிந்தா அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள். அன்வர் பாய், பாவம்மா, பாவம்மா என்றார். எத்திராஜம்மாள் தலையில் அடித்துக்கொண்டு, "என் பேரப்புள்ளைங்கடி! ராட்சசி! உன்னுது போனா என்னுதும் போவணுமா?" என்று அலறி, தானே எடுக்கப்போகிறவள்போல மூடியைத் தள்ளிவிட்டுக் கையை நீட்டினாள். விரல் நுனி தண்ணீருக்கு ஒரு அங்குலம் மேலே வந்ததும் கை நின்றது. அவளே அதைப் பார்த்தாள், கூடமே பார்த்தது. கையை மடக்கி முந்தானைக்குள் வைத்துக்கொண்டு, வேறு யாராவது, வேறு யாராவது என்று திரும்பித் திரும்பிப் பார்த்தாள். ஆரோக்கியசாமி சட்டென்று வெளியே போய்ப் பீடி பற்றவைத்தான். ஒருவரும் முன்னால் வரவில்லை.

தொட்டிக்குள் தயாளன் நடுவில் நின்றான். ஒரு குஞ்சு, எதுவும் தெரியாதது, நேராக அவன் வாய்க்கு முன்னால் வந்து நின்றது. அவன் வாய் திறந்தது. திறந்த வாய் அப்படியே நடுங்கியது. மூடிக்கொண்டு பின்வாங்கி மூலைக்குப் போய்க் கண்ணாடியைப் பார்த்துத் திரும்பி நின்றான். குஞ்சுகள் அங்கேயும் வந்தன. இந்த மூலைக்கு வந்தான், இங்கேயும் வந்தன. செவுள் படபடவென்று அடித்துக்கொண்டது. கண்ணாடிக்கு வெளியே, ஒரு சாண் தூரத்தில், மேகலாவின் முகம் இருந்தது. அவன் அந்த முகத்தைப் பார்த்தான். மீன் பார்க்கிற மாதிரி ஒற்றைக் கண்ணால் இல்லை, நேராகத் திரும்பி இரண்டு கண்ணாலும் பார்த்தான். அவள் வலையை மடியிலிருந்து எடுக்கவில்லை.

அவன் அடிவரை இறங்கினான், கல்லில் வாலை ஊன்றினான், ஒரே எம்பு. மூடியில்லாத தொட்டியின் விளிம்பைத் தாண்டி, தொங்கிய வளையல்களில் மோதி, சர்க்கரைத் தட்டின் ஓரத்தில் அடிபட்டு, சிமெண்டுத் தரையில் மேகலாவின் காலடியில் வந்து விழுந்தான்.

கூடத்தில் பாதிப் பேர் அழுதுவிட்டார்கள். பாத்தியா, பிள்ளைங்களுக்காக உசிரையே வுட்றான் பாத்தியா என்றார்கள். எத்திராஜம்மாள் தரையில் உட்கார்ந்து, "பாத்தியாடி எம்புள்ளைய? அப்பன்டி அவன்! பெத்த அப்பன்! மன்னிச்சு எடுத்து வுடுடி, உன் கால்ல வுழறேன்" என்று கெஞ்சினாள். ஜெசிந்தாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "போதும் மேகலா, அவன் திருந்திட்டான்" என்றாள்.

அந்த நிமிஷத்தில் மேகலாவுக்கு வந்த கோபம், ஆஸ்பத்திரிக் கட்டிலில்கூட வராத கோபம். இத்தனை நாளும் அவள் ஒரு சமாதானம் வைத்திருந்தாள். அவனுக்கு அந்த உணர்ச்சியே இல்லை, கடவுள் அவனை அப்படிப் படைத்துவிட்டான், கண்ணில்லாதவனைப் பார்க்கவில்லை என்று எப்படித் திட்டுவது என்று. இதோ, எல்லாம் இருந்திருக்கிறது. எதை முதலில் தூக்க வேண்டும், எதற்காக எதை விட வேண்டும் என்று அவனுக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது. தெரிந்திருந்தும் அவளுக்காக, அந்தப் பச்சைத் துணிக்குள் இருந்ததற்காக, அதை அவன் வெளியில் எடுக்கவில்லை.

அவள் குனிந்து அவனை வெறுங்கையால் எடுத்தாள். உள்ளங்கையில் அவன் துடித்தான். எல்லோரும், அப்பாடா என்று மூச்சுவிட்டு, தொட்டிக்கு வழிவிட்டு விலகினார்கள். அவள் தொட்டிப் பக்கம் போகவில்லை. அடுப்படிக்குப் போய், கழுவிக் கவிழ்த்திருந்த ஒரு ஊறுகாய் பாட்டிலை எடுத்து, தொட்டித் தண்ணீரை அதில் முகந்து, அவனை உள்ளே விட்டு, தொட்டியின் கண்ணாடியை ஒட்டி மேஜைமேல் வைத்தாள். "சாவ வுட மாட்டேன் அத்தை" என்றாள். "செத்தா அவருக்கு முடிஞ்சிபோயிடும். இங்கயே இருக்கட்டும். பிள்ளைங்க வளர்றதைப் பாத்துக்கினு இருக்கட்டும். கிட்ட மட்டும் போவ முடியாது." பிறகு அன்வர் பாயிடம் குஞ்சுக்கு என்ன கொடுக்க வேண்டும் என்று கேட்டு, வேகவைத்த முட்டை மஞ்சள்கருவைத் துணியில் கட்டி, குஞ்சுகள் இருந்த தண்ணீரில் மெல்லப் பிழிந்துவிட்டாள். அவை வந்து மொய்த்தன. அவற்றோடு அவளுக்கு எந்தச் சண்டையும் இல்லை.

தெரு கலைந்துபோயிற்று. சர்க்கரையை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. எத்திராஜம்மாளை ஜெசிந்தா கைத்தாங்கலாகக் கூட்டிப்போனாள். மேகலா வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்து, பாட்டிலின் முன்னால் ஸ்டூலைப் போட்டு, குனிந்து, முகத்தைத் திறந்திருந்த பாட்டில் வாய்க்கு நேராக வைத்துக்கொண்டாள். தயாளன் அடியில் போய், அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கிடந்தான். கிடக்கட்டும். கௌராமி ஜாதிக்குத் தண்ணீருக்குள் இருக்கிற காற்று போதாது, எத்தனை நேரம் அடியில் ஒளிந்திருந்தாலும் மேலே வந்து ஒரு வாய் வாங்கித்தான் ஆக வேண்டும்.

வெயில் ஜன்னலுக்கு வந்தது. அவன் மேலே வந்தான்.

"பொண்ணு" என்றாள் மேகலா.

அவன் அடிக்கு ஓடினான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் குஞ்சுகள் மேய்ந்துகொண்டிருந்தன. அவன் அவற்றைப் பார்க்கவில்லை, கண்ணை எங்கே வைப்பது என்று தெரியாதவனாக இருந்தான். கொஞ்ச நேரத்தில் மறுபடி மேலே வந்தான்.

"தலை நெறைய முடி."

கீழே போனான். இந்த முறை அவனால் முடிந்தவரை தாக்குப்பிடித்தான், உடம்பு ஒரு பக்கமாகச் சாய்கிறவரை அடியிலேயே கிடந்தான். கடைசியில் தள்ளாடி மேலே வந்து வாயைத் திறந்தான்.

"மூக்கு உன் மூக்கு" என்றாள்.

அவன் கீழே போனான். மேகலா காத்திருந்தாள்.